மொட்டை மாடியில் ஒரு டீக்காடு

பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் நாலு பெரணிச் செடியும் ஒரு மூங்கில் பெஞ்சும் போட்டு, கையில் ஒரு கிளாஸ் நல்ல டீயையும் கொடுத்துவிட்டால் எந்த அம்மாவும் தன் பிள்ளையை அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்ப்பாள் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. ஸ்டாஃப் ரூமில் எழுந்து நின்று, கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும் அளவுக்கு நம்பினேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு. அவர்களைச் சேர்த்தபோது யார் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுச் சேர்த்தேன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தாலே போதும். யோசிக்கவில்லை. பதறிப் போனவன் யோசிக்க மாட்டான், திட்டம் போடுவான்.

பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. எங்களுடையது கேரளத்தில், பாலக்காட்டுப் பெருமாட்டிப் பக்கம், தென்னந்தோப்புகளுக்கு நடுவே உள்ள தமிழ் மீடியம் பள்ளி. நாலாம் வகுப்பு வரைதான். முதல் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள் இருந்தால் ஏ, பி என்று இரண்டு டிவிஷன். முப்பது என்றால் ஒன்றுதான். ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலையை எண்ணுவார்கள். அன்றைக்கு ஒரு தலை குறைந்தாலும் டிவிஷன் போகும்; டிவிஷன் போனால் ஒரு போஸ்ட் போகும்; போஸ்ட் போனால் கடைசியாக வேலைக்கு வந்தவர் வெளியே. எங்களில் கடைசியாக வந்தவர் ஒன்று-பி டீச்சர். கணவர் கோயமுத்தூர் ஒர்க்‌ஷாப்பில் முதுகில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார். வீட்டில் இந்த ஒரு சம்பளம்தான். அதைவிட முக்கியம், என் ஜோக்குகளுக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அவர். அவரும் போய்விட்டால் நான் கரும்பலகையைப் பார்த்துத்தான் ஜோக் அடிக்க வேண்டும்.

பிள்ளைகளை எல்லாம் மெயின் ரோட்டு இங்கிலீஷ் மீடியத்தின் மஞ்சள் பஸ் அள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று மார்ச் மாதம் ஒருநாள் வேவு பார்க்கப் போனேன். தங்கச்சி மகளுக்கு அட்மிஷன் விசாரிக்க வந்திருப்பதாகச் சொன்னேன். எனக்குத் தங்கச்சியே கிடையாது. சோபாவில் உட்கார வைத்தார்கள். ஏ.சி. ஓடியது. மீன்தொட்டியில் சிவப்பு மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. உயரமான கண்ணாடி கிளாஸில் ஆரஞ்சு ஜூஸ் வந்தது. ஒரு மடக்கு குடித்திருப்பேன். பக்கத்து சோபாவில் இருந்த அம்மா என் பக்கம் திரும்பினார். எங்கள் பள்ளிக்குப் பின்தெருக்காரர். மூத்த மகன் என்னிடம்தான் மூன்றாவது படிக்கிறான்.

"ஏனுங் சார், நீங்களும் இங்கதான் சேக்கறீங்ளா?"

ஜூஸ் தொண்டையில் நின்றுவிட்டது. இருமிக்கொண்டே வெளியே வந்து, பைக்கை ஸ்டார்ட் பண்ண மறந்து பாதி தூரம் தள்ளிக்கொண்டே போனேன். அப்போது என் மூளை கண்டுபிடித்ததுதான் மேலே சொன்ன உண்மை. மீனும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. எல்லாம் அந்த ஜூஸ்தான். நம்மிடம் ஜூஸ் இல்லாவிட்டால் என்ன? நான் இடுக்கி எஸ்டேட்டில் பிறந்தவன். தேயிலை என் ரத்தத்தில் ஓடுகிறது. (ரத்தத்தில் சர்க்கரையும் ஓடுகிறது. அது வேறு கதை.)

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் போனில் ஒரு படத்தைக் காட்டினேன். ஏதோ ஒரு நகரத்துப் பள்ளியின் மொட்டை மாடி. பாசி படர்ந்த கல், சொட்டுகிற நீர், கொடிப் பந்தல், நடுவே மரப் பலகையில் டீக் கோப்பைகள். காட்டுக்குள் உட்கார்ந்து டீ குடிக்கிற மாதிரி இருந்தது.

"மாஷே, அது பெங்களூரு" என்றார் ஒன்று-பி டீச்சர்; கேரளத்தில் வாத்தியாரை மாஷ் என்பார்கள். "நம்ம மாடில ஏப்ரல் மாசம் மாவ ஊத்துனா தோசை வரும்."

"தோசைக்கும் டீ நல்லாத்தான் இருக்கும் டீச்சரே."

அவர் சிரித்தார். ஹெச்.எம். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகிறவர்; எதற்கும் பதறாதவர். பதறுவதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். "செய்யுங்க மாஷே. கீழ ஒழுகாமப் பாத்துக்கங்க. மேக்கொண்டு என்கிட்ட எதுவும் கேக்க வராதீங்க" என்றார்.

என் தம்பி வண்டன்மேட்டில் ஏலத்தோட்டத்து சூப்பர்வைசர். போன் பண்ணி, அஞ்சு தேயிலைக் கன்று, பத்துப் பெரணி, ஒரு சாக்குப் பாசி வேண்டும் என்றேன்.

"எதுக்குண்ணே?"

"மாடியில வைக்க."

"எந்த ஊரு மாடியில?"

சொன்னேன். "அண்ணே, மதினி பக்கத்துல இருந்தா போனக் குடு. ஒனக்குக் கிறுக்கு முத்திருச்சான்னு கேக்கணும்."

ஆனாலும் கொடுத்தான். நேரில் போய், போடி வழியாக பஸ் மாறி மாறிப் பொள்ளாச்சி வரை அந்தக் கன்றுகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பெரணி ஒன்று ஜன்னலோரத்துக்காரர் மூக்கை வழி நெடுக நீவிக்கொண்டே வந்தது. அவர் திண்டுக்கல் வரை தும்மினார். மலை இறங்க இறங்கச் சூடு ஏறியது. கன்றுகளுக்கு மூச்சு முட்டுமோ என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் சாக்கைத் திறந்து பார்த்தேன். என் பிள்ளைகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோதுகூட இத்தனை தரம் எட்டிப் பார்க்கவில்லை என்று வீட்டுக்காரி பிற்பாடு சொன்னாள்.

ஏலத்துக்கு நிழல் வேண்டும்; அதனால் எங்கள் மலை ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் முதலில் மேலே நிழல் போடத் தோன்றும். நாற்றங்காலுக்குக் கட்டுகிற பச்சை வலையை வாங்கி மாடியின் பாதிக்கு மேல் இழுத்துக் கட்டினேன். தென்னந்தடியை அறுத்து முக்காலி மாதிரிப் போட்டேன். தேங்காய் மட்டைகளுக்குள் பெரணியை வைத்தேன். பழைய கல்தொட்டிக்கு மேலே ஒரு குழாயைச் சாய்த்து நீர் சொட்ட வைத்தேன். மூங்கில் பெஞ்சு இரண்டு. அவற்றைத் தெற்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். ஏனென்றால் தெற்கே நெல்லியாம்பதி மலை தெரியும். மலையில் வளர்ந்தவனுக்கு விளிம்பில்தான் உட்காரத் தெரியும். எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் பெஞ்சு, கல், திட்டு எதுவானாலும் பள்ளத்தைப் பார்த்துத்தான் கிடக்கும். முதுகுக்குப் பின்னால் மலை, முகத்துக்கு முன்னால் பள்ளம். அதுதான் எங்களுக்கு உட்காருகிற முறை. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் யோசிக்கவில்லை.

எல்லாம் முடிந்து, இடுப்பில் கை வைத்து ரசித்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் கூடைச் சத்தம். பள்ளியை ஒட்டிய தோப்பின் சொந்தக்காரம்மா, பின்னால் இரண்டு ஆட்கள், அவர்கள் தலையில் உடைத்த தேங்காய். கோடை லீவில் எங்கள் மாடியில் கொப்பரை காயப்போடுவது அவர்கள் வீட்டு வழக்கம். பள்ளிக்கு இடம் கொடுத்த குடும்பம். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், பதற்றத்தில், அந்த மாடிக்கு வேறு சொந்தக்காரர் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது.

அவர் வலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங் வாத்தியாரே, சூரியன எங்க கொண்டுபோய் வெச்சிருக்கீங்க?"

"இது... டீ குடிக்கிற எடமுங்க. இயற்கையா."

"வெயிலும் இயற்கைதானுங்களே."

அரை மணி நேரம் பேச்சுவார்த்தை நடந்தது. நான் பாகம் பிரித்தேன்: மேற்குப் பாதி கொப்பரைக்கு, கிழக்குப் பாதி காட்டுக்கு. அவர் ஒத்துக்கொண்டார், ஆனால் கொப்பரை ஒத்துக்கொள்ளவில்லை. கொப்பரைக்குக் காக்கை வந்தது, காக்கைக்குக் கல்தொட்டி பிடித்தது, எறும்புக்கு எல்லாமே பிடித்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வலையைப் பாய்மரம் மாதிரி உப்ப வைத்தது. நான் காலையில் ஒரு தரம், வெயில் ஏறியதும் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் பைக்கில் ஓடிப் போய்த் தண்ணீர் ஊற்றினேன். நடுவில் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் காலாடும்.

"ஏனுங்க, காலு எதுக்கு இந்த ஆட்டு ஆடுது?" என்றாள் வீட்டுக்காரி. அவள் இந்த ஊர்க்காரி. எனக்கு இந்த ஊரில் ரேஷன் கார்டு வந்ததே அவளால்தான்.

"பெரணி வாடுது."

"வாடுனா வாடட்டுமுங்க. சோத்தத் தின்னுட்டு வாடுங்க."

மே மாதம் பாதி போவதற்குள் பாசி தூளாகிப் பறந்துவிட்டது. பெரணியில் பாதி போச்சு. தேயிலைக் கன்றுகள் அஞ்சும் சுள்ளியாகி நின்றன. தம்பிக்குத் தெரிந்தால் சாகும்வரை சொல்லிக் காட்டுவான். எனக்குள் இருக்கிற கோமாளி விழித்துக்கொண்டான். அம்மாமாரை டீக்கு அழைத்திருந்த நாளன்று காலையில், பள்ளிக்குப் பின்னாலிருந்த கொய்யா மரத்திலிருந்து பச்சைக் கிளைகளை ஒடித்து, ஒவ்வொரு சுள்ளியோடும் நூலால் கட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் எஸ்டேட். கொஞ்சம் கிட்டே வந்தால் கொய்யா.

சாயங்காலம் அம்மாமார் வந்தார்கள். நான் எதிர்பார்த்ததற்கும் மேலே. பின்தெருக்காரர், சோபாவில் என்னைப் பார்த்தவர், அவரும் வந்தார், இந்த வருஷம் முதல் வகுப்புக்குப் போக வேண்டிய மகளோடு. தோப்புக்காரம்மா பேரனோடு வந்தார். ஒன்று-பி டீச்சர் இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு டீ போட்டார். ஏலக்காய் மட்டும் அசல் வண்டன்மேடு. அன்று அந்த மாடியில் அசலாக இருந்தது அது ஒன்றுதான். வெயில் தாழ்ந்திருந்தது. மலை நீலமாகத் தெரிந்தது. பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து மலையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். "ஊட்டி மாதர இருக்குதுங்" என்றார் ஒருவர். எனக்கு அப்படியே இரண்டு இஞ்ச் வளர்ந்த மாதிரி இருந்தது. ஹெச்.எம். அம்மா வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்தார்.

தோப்புக்காரம்மா தேயிலைப் பக்கம் போனார். நான் ஓடினேன். அதற்குள் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டார்.

"வாத்தியாரே."

"சொல்லுங்கம்மா."

"இந்தத் தேயிலை காச்சா உள்ள செவப்பா இருக்குமுங்களா, வெள்ளையா இருக்குமுங்களா?"

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார், யாரிடமும் சொல்லவில்லை. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. பெரிய ஆபத்திலிருந்து தப்பித்துவிட்டோம் என்று மூச்சு விட்டுத் திரும்பினேன்.

பின்தெருக்காரரின் மகள் பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

தரையிலிருந்து பார்த்தால் அந்தக் கைப்பிடிச் சுவர் அவள் தலைக்கு மேலே. பெஞ்சில் ஏறி நின்றால் அவள் இடுப்புக்குத்தான் இருந்தது. இரண்டு கையையும் சுவரின் மேல் ஊன்றி, குதிகால் தூக்கி, கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே சிமெண்ட் முற்றம்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. ஓட வேண்டும் என்று தெரிகிறது, கால் வரவில்லை. கத்த வேண்டும் என்று தெரிகிறது. கத்தினால் குழந்தை திடுக்கிடும் என்றும் தெரிகிறது. வாய் திறந்தபடி நின்றேன். அந்த ஏ.சி. ரூம் மீன் தோற்றது.

டீச்சர் கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்தார். ஓடவில்லை. பேசவும் இல்லை. நடந்து போய்ப் பின்னாலிருந்து குழந்தையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி இறக்கினார். "கீழ பூனை, டீச்சர்" என்றாள் குழந்தை. டீச்சர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தொட்டியில் நீர் சொட்டுகிற சத்தம், நான் அத்தனை பாடுபட்டு வரவழைத்த சத்தம், அப்போது யாருக்கும் பிடிக்காத சத்தமாகக் கேட்டது. குழந்தையின் அம்மா அலறவில்லை. மகளை மடியோடு சேர்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சார், பெஞ்ச எதுக்குங்க சொவுத்தோட ஒட்டிப் போட்டீங்க?"

"மலை தெரியணும்னுங்க" என்றேன்.

வாழ்க்கையில் எத்தனையோ முட்டாள்தனமான பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாம் வேடிக்கைக்காக. இது மட்டும்தான் உண்மையாகவே சொன்னது.

பத்து நிமிஷத்தில் மாடி காலி. யாரும் கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "டீ நல்லா இருந்துதுங்க டீச்சர்." "பாக்கறமுங்க." "அவுங்கப்பாகிட்ட கேட்டுச் சொல்றமுங்க." இந்தப் பக்கத்தில் 'பாக்கறமுங்க' என்று சொன்னால் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். அரை கிளாஸ் டீக்கள் வரிசையாக நின்றன. ஆடை படிந்தது.

அடுத்த வாரம் நான் இருந்த நிலையை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொள்வேன். நாடியை எண்ணி முடிப்பதற்குள் பதற்றத்தில் எண் மறந்துவிடும். வாய்க்கால் பாலத்து டீக்கடையில் கதை வேறு முளைத்து வளர்ந்தது. முதல் நாள், குழந்தை சுவரில் ஏறி நின்றது. மூன்றாம் நாள், சுவரைப் பிடித்துத் தொங்கியது. அதற்கும் அடுத்து, அந்தக் கடைக்காரரே எனக்கு டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஏதோ ஒரு ஸ்கூல் மாடியிலிருந்து புள்ள ஒண்ணு உழுந்து தென்ன மட்டையில மாட்டிக்கிச்சாமுங்க சார். உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க" என்றேன். தென்னை மட்டைக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

வீடு வீடாகப் போனேன். பாடம் நன்றாக நடக்கும், மதியச் சோறு நன்றாக இருக்கும், டீச்சர் நல்லவர் என்று ஆரம்பிப்பேன். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: "அந்த மாடி அப்படியேதானுங் இருக்குது?" நான் உடனே பெஞ்சை நடுவில் போடுவதைப் பற்றியும், சுவருக்கு மேல் கம்பி வைப்பதைப் பற்றியும், பெரியவர் ஒருவரைக் காவலுக்கு நிறுத்துவதைப் பற்றியும் விளக்குவேன். விளக்க விளக்க அவர்கள் முகம் இருண்டுகொண்டே போகும். மாடியைப் பற்றி இவ்வளவு பேசுகிறவன் மாடியை விடமாட்டான் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

மே கடைசியில், மாடியில் பெஞ்சை நடுவுக்கு நகர்த்திக்கொண்டிருந்தபோது டீச்சர் மேலே வந்தார்.

"மாஷே, எத்தன பேரு சேர்ந்திருக்காங்க?"

"வந்துருவாங்க டீச்சரே. கம்பி வெச்சாச்சுன்னா..."

"மாஷே." அவர் என்னை நிறுத்தினார். "நடுவுல போட்டாலும் புள்ளைங்க இழுத்துட்டுப் போகும். கம்பி வெச்சா கம்பில ஏறும். இது நல்லா இருக்குது பாருங்க, அதான் தொந்தரவு. நல்லா இல்லாத எடத்துக்கு எந்தப் புள்ள போவுது?"

நான் ஒரு ஜோக்கைத் தேடினேன். கிடைக்கவில்லை.

"எனக்காகத்தான் செஞ்சீங்கன்னு தெரியும். இப்ப எனக்காக அதப் பூட்டுங்க."

அவர் இறங்கிப் போனார். நான் அந்தத் தென்னந்தடி முக்காலியில் உட்கார்ந்தேன். வலை கட்டிய கையில் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. பத்துப் பெரணியில் மிஞ்சிய மூன்று, என்னமோ பிடிவாதம் பிடித்துக்கொண்டு புதுக் குருத்து விட்டிருந்தன. 'எனக்காக' என்று அவர் சொன்னது உள்ளே எங்கோ இடித்தது. டீச்சருக்காக ஆரம்பித்ததுதான். ஆனால் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க முடியாமல் நான் வீடு வீடாக அலைந்தது டீச்சருக்காக இல்லை. கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தேன். அது தன் பாட்டுக்கு இருந்தது.

மறுநாள் மாடிப்படியின் அடியில் இரும்புக் கிராதி வைத்தேன். அதற்கு ஒரு பூட்டு. தோப்பு மோட்டார் ரூமுக்குப் போடுகிற மாதிரி பெரிய பூட்டு. இப்போது அது எல்லாருக்கும் தெரிய வேண்டுமே! பூட்டைப் போனில் படம் எடுத்தேன். கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று, நான் பிடித்து இழுப்பது போல ஒன்று. மறுபடி வீடு வீடாகப் போனேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை படம் காட்டுகிறவனைப் பார்த்திருக்கிறார்கள். பூட்டுப் படம் காட்டுகிறவனை இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு வீட்டில் அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "சாவி யாருகிட்டங்க?"

"ஹெச்.எம். அம்மாகிட்ட."

"உங்ககிட்ட ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்லீங்க."

"அப்பச் சரிங்க."

பின்தெருக்காரர் வீட்டுக்கு மட்டும் போகக் கால் வரவில்லை. கடைசியில் போனேன். அவர் படத்தை வாங்கவே இல்லை. "டீச்சர் வந்து சொல்லிட்டாங்க சார்" என்றார். சேர்க்கிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மோர் கொடுத்தார். அந்த மோருக்கு என்ன அர்த்தம் என்று வழியெல்லாம் யோசித்தேன். உப்புப் போட்டிருந்தார். நல்ல அறிகுறிதானே?

ஜூன் வந்தது. திங்கட்கிழமை பள்ளி திறந்தது. மழை. பலூன் கட்டினோம், பாயசம் கொடுத்தோம். முதல் வகுப்பில் எண்ணினேன், இருபத்திரண்டு. சமையல்காரம்மா இடுப்பிலிருந்த கைக்குழந்தையையும் சேர்த்து. அதைக் கழித்தால் இருபத்தொன்று.

சரி என்றவர்கள் எல்லாம் எங்கே? ஓடினேன். "சேக்கறமுங் சார். தேய்பிறை முடியட்டுமுங்க." ஒரு வீடு இல்லை, அத்தனை வீட்டிலும் இதே பதில். இந்தப் பக்கத்தில் நாள் பார்க்கிறவர்கள் தேய்பிறையில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கமாட்டார்கள். முதல் முதலாகப் போகிற பிள்ளையைக் கேட்கவே வேண்டாம். கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன். அந்த பயத்துக்கெல்லாம் நடுவில் ஒரு தினசரி காலண்டரைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பார்த்தேன். சனிக்கிழமை அமாவாசை. ஞாயிறு பாட்டிமை, அதாவது பிரதமை, ஆகாது. திங்கட்கிழமைதான் நாள் நன்றாக இருந்தது. தலை எண்ணுகிற ஆறாவது வேலை நாளும் அந்தத் திங்கட்கிழமைதான். அன்று நாலு வீடு 'நாளைக்குப் பாக்கலாம்' என்றால் போச்சு.

"அமாவாசை நல்ல நாள்தானுங்களே! அன்னைக்கே கொண்டாந்து சேருங்களேன்" என்று ஒரு வீட்டில் வாதாடினேன்.

"ஆமாங்க, நல்ல நாளுதான். அன்னிக்கு சனிக்கெழம சார். ஸ்கூலு லீவுங்களே."

ஹெச்.எம். அம்மாவிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சந்திரன்கிட்ட நீங்களே போய்ப் பேசிப் பாருங்க மாஷே. உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியுமே."

அந்த வாரம் நான் பார்த்தது முழுக்க வானத்தைத்தான். மழை பலமாகப் பிடித்தால் கலெக்டர் லீவு விடுவார்; லீவு விட்டால் ஆறாவது வேலை நாள் தள்ளிப்போகும்; இன்னும் பத்துப் பேர் சேர நேரம் கிடைக்கும். லீவுக்காக வேண்டாத வாத்தியார் உலகத்தில் கிடையாது. ஆனால் பிள்ளைகள் வரவேண்டும் என்பதற்காக லீவு கேட்டு வேண்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மழை தூறிக்கொண்டே இருந்தது. லீவு விடும் அளவுக்குப் பெய்யவில்லை, நிற்கவும் இல்லை. அதற்கும் என் மாதிரியே எதிலும் ஒரு முடிவுக்கு வரத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்று-பி வகுப்பைக் கடந்து போனேன். டீச்சர் பெஞ்சுகளை ஈரத் துணியால் துடைத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சரே, எதுக்கு அடுக்கறீங்க?"

"ஒன்று-ஏக்குத் தூக்கிட்டுப் போகணும்னா சுளுவா இருக்கட்டும்னுதான்."

நான் ஏதோ ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்றுகூட நினைவில்லை. அவர் சிரிக்கவில்லை. நானும் போய்ப் பெஞ்சின் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு பேருமாக எல்லாவற்றையும் அடுக்கி முடித்தோம்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே நான் ஷர்ட்டில் பொத்தானை மாற்றி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்காரி வாசலில் நிறுத்தி அவிழ்த்துப் போட்டுவிட்டாள். பள்ளி கேட்டில் போய் நின்றேன். மழை விட்டிருந்தது. மஞ்சள் பஸ் எங்கள் வாசலைக் கடந்து போனது. ஜன்னல்களை எண்ணக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். நெற்றியில் திருநீறு, புதுப் பை, கையில் தண்ணீர் பாட்டில், பின்னால் அம்மா. தோப்புக்காரம்மா பேரனைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். பின்தெருக்காரர் மகளோடு வந்து, கிராதிப் பக்கம் போய்ப் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வகுப்புப் பக்கம் நடந்தார். நான் எண்ணினேன்; நடுவில் விட்டுவிட்டேன்; மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். ஹெச்.எம். அம்மா என்னை ஸ்டாஃப் ரூமுக்குள் போய் உட்காரச் சொல்லிவிட்டு, ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு தானே வகுப்புக்குள் போய் எண்ணினார்.

முதல் வகுப்பில் அன்றைக்கு முப்பத்து மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். டிவிஷன் போகவில்லை. டீச்சர் இந்த வருஷமும் எங்கள் பள்ளியில்தான் இருக்கிறார்.